பில்ட் ஆகாமல் கிடந்த வாரம்

தம்பி,

இந்தக் கடிதத்தை ரேவதி உனக்கு முன்னால் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒளிக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை. உனக்கும் எனக்கும் நடுவில் ஒளிந்திருந்த ஒன்று மட்டும் இருக்கிறது. போனில் மெசேஜாகவே அனுப்பியிருக்கலாம். நீ பெங்களூர் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருப்பாய். அந்தக் கட்டைவிரல் எனக்கு வேண்டாம். உட்கார்ந்து படி. ரேவதி நர்ஸ் வேலை பார்க்கிற பெண், நம் கம்ப்யூட்டர் பாஷை அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் அவளுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்வேன். கம்ப்யூட்டர் டீச்சர் புத்தி ரிட்டையர் ஆன பிறகும் போகவில்லை என்று சிரித்துக்கொள்.

நீ போனதிலிருந்து மழை விடவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எதிர்க்கரையில் போர்ட் பிளேயர் பக்கம் சாத்தமிலிருந்து வரும் படகு தெரிகிறது. முதலில் மழைக்குள் ஒரு கறுப்பு, பிறகு ஒரு படகு, பிறகு குடைகள். படகு ஜெட்டித் துறையில் மோதும்போது அங்கே கட்டியிருக்கிற டயர் நசுங்கும் சத்தம் முன்பெல்லாம் நம் வீடு வரைக்கும் கேட்கும். இப்போது நிற்கிற ஜனங்கள் லேசாக முன்னால் சாய்ந்து நிமிர்வதை வைத்துத்தான் படகைக் கட்டியாயிற்று என்று தெரிந்துகொள்கிறேன். சில மத்தியானங்களில் இதையே பார்த்துக்கொண்டிருந்தால் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாமல் போய்விடுகிறது. அது ஒன்றும் கெட்ட இடமில்லை. என் பழைய வகுப்பறைகள் வருகின்றன, ஈரச் சட்டையோடு பிள்ளைகள் வருகிறார்கள், பல் விழுந்த வாயோடு நீ வருகிறாய். அங்கே எல்லோரும் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

காது போய்விட்டது என்றால் ஒரு சத்தமும் வராது என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சத்தம் வருகிறது, சொல்தான் வரவில்லை. தண்ணீரில் முங்கிக்கொண்டு கரையில் நிற்பவர்கள் பேசுவதைக் கேட்பது மாதிரி இருக்கிறது. காதில் மாட்டுகிற மிஷின் அந்தச் சத்தத்தை இன்னும் பெரிதாக்கிக் கொடுக்கிறதே தவிர சொல்லாக்கிக் கொடுப்பதில்லை. உன் அப்பா வேலை பார்க்கிற கார் நிக்கோபார் தீவிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் என் காதருகே வந்து கத்துவார். இன்றைக்கு நம் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரிந்துவிடும், எனக்கு மட்டும் தெரியாது. பாவம், நல்ல மனுஷன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறுவார்.

அதனால்தான் நீ அந்தப் புரோகிராமை எனக்காக எழுதினாய். மைக் பேச்சைக் கேட்கும், திரையில் அது தமிழ் எழுத்தாக ஓடும், கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. பெருமழை வந்தால் சில சமயம் நம் வீட்டில் நெட் போய்விடும் என்பதால் நெட் இல்லாமலே வேலை செய்கிற மாதிரி எல்லாவற்றையும் லேப்டாப்புக்குள்ளேயே வைத்திருந்தாய். போனை அதன் பக்கத்தில் வைத்து நீ பெங்களூரிலிருந்து பேசினால் நான் படித்துப் படித்துப் பதில் சொல்வேன். பழைய லேப்டாப் உப்புக்காற்றில் துருப்பிடித்து, உன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணை மூடியது. கல்யாணம் முடிந்து ரேவதி புது ஆஸ்பத்திரி வேலையில் சேர வேண்டுமென்று முன்னால் கிளம்பினாள். புது லேப்டாப்பில் புரோகிராமை ஏற்றிவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று நீ தங்கினாய். "இத ஓட வெச்சுட்டுத்தான்மா கிளம்புவேன்" என்று போனில் டைப் செய்து என் முகத்துக்கு நேராகக் காட்டினாய். ஒரு நாள் வேலை என்றுதான் நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன்.

அது பில்ட் ஆகவில்லை. ரேவதி, ஒரு புரோகிராம் தனியாளாக நிற்பதில்லை. குரலைப் பிரித்தறிய ஒரு பேக்கேஜ், கணக்குப் போட ஒரு பேக்கேஜ், எழுத்தைத் திரையில் காட்ட ஒன்று என்று யார் யாரோ எழுதி வைத்ததையெல்லாம் கூட்டிச் சேர்த்துத்தான் அது உருவாகிறது. அப்படிக் கூட்டிச் சேர்ப்பதைத்தான் பில்ட் என்கிறோம். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் வெர்ஷன் உண்டு. குரல் பேக்கேஜ் புது லேப்டாப்புக்குத் தக்கபடி புதிதாக வந்தால், அது தன் கூட வேலை செய்கிற கணக்குப் பேக்கேஜும் புதிதாகத்தான் வேண்டும் என்று நிற்கும். பழையதைக் கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு பாதி வேலையில் கவிழ்த்துவிடும். நம் வீட்டில் கவிழ்த்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நீ புதிய வெர்ஷனைக் கேட்டாய், பழையது வந்து உட்கார்ந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி கேட்டாய், மறுபடியும் பழையதே வந்தது. பெங்களூர் ஆபீஸ் மெஷினில் இங்கிருந்தே நுழைந்து அதே கட்டளைகளைக் கொடுத்துப் பார்த்தாய். அங்கே ஒரே மூச்சில் பில்ட் ஆனது. "அங்க ஓடுது, இங்க ஓடல. லேப்டாப்புக்கு நம்ம வீட்டு மேல என்ன கோவமோ" என்று எழுதிக் காட்டினாய்.

உன் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாய். இன்னொரு முறையும் தள்ளிப் போட்டாய். ஆபீஸிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், நீ போனைக் கவிழ்த்து வைத்தாய். எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. இது ஓடாவிட்டால் நீ போன பிறகு நான் வீடியோவில் உன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுகிற ஆளாகிவிடுவேன். இது ஓடும் வரைக்கும் நீ போக மாட்டாய் என்றால், அங்கே புது வீட்டில் பாத்திரம் கூடப் பிரித்து அடுக்காமல் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பாள். இரண்டில் எது நடந்தாலும் என் காதுதான் காரணம். எனக்கு என் காது மேல் அந்த வாரம் வந்த கோபம் வாழ்நாளில் யார் மேலும் வந்ததில்லை.

நீ செய்துகொண்டிருந்த ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பில்ட் விழுந்ததும் நீ கடைசி வரியைப் படித்தாய். கடைசி வரியில் என்ன இருக்கும்? முடியவில்லை என்கிற அழுகை மட்டும்தான் இருக்கும். எது முதலில் கோணியதோ அது மேலே எங்கோ, சாதாரண வரிகளுக்கு நடுவில், சாதுவாக உட்கார்ந்திருக்கும். என் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருப்பேன். "ஊப்பர் ஜா, ஊப்பர் ஜா" என்று இந்தியில் மேலே போகச் சொல்லிக் கத்தியே என் பெயர் ஊப்பர் டீச்சர் ஆயிற்று. கல்யாணத்தை இதோடு ஒப்பிட்டு உபதேசம் செய்யப் போகிறேன் என்று நீ இப்போது பயப்படுவாய். பயப்படாதே, கொஞ்சமாகத்தான் செய்வேன். உனக்கும் ரேவதிக்கும் சண்டை வரும். வரட்டும். அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. அன்று காலையிலிருந்து என்ன நடந்தது என்று மேலே போய்ப் பார். அப்புறம், ஒரே நேரத்தில் ஒன்பதை மாற்றாதே. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது. உன் அப்பாவும் நானும் இதைக் கற்றுக்கொள்ளுமுன் எங்களுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

இப்படியே போய்க்கொண்டிருக்க, ஒரு நாள் நீ டிக்கெட் விஷயமாகப் படகேறி அந்தப் பக்கம் போனாய். காலையிலிருந்தே உன் முகம் சரியில்லை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்தும் கை கீபோர்டுக்குப் போகவில்லை. பிள்ளை களைத்துவிட்டான் என்று நினைத்தேன். நீ போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் லேப்டாப்பில் வேறொரு பெயரில் புதிதாக ஒரு யூசரை உண்டாக்கினேன். அதற்குள் போய் பில்ட் போட்டேன். குடித்தனம் வராத வீடு மாதிரி அதில் நம் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. மழையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். பில்ட் ஆகிவிட்டது. அப்படியானால் லேப்டாப் மேல் தப்பில்லை, பேக்கேஜ் மேலும் தப்பில்லை, நாம் உள்ளே கொண்டுவந்து வைத்த ஏதோ ஒன்றுதான். பழைய லேப்டாப்பிலிருந்து நீ காப்பி செய்ததை ஒவ்வொன்றாக அந்தப் புது இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். ஒன்று போட்டேன், ஓடியது. இன்னொன்று போட்டேன், ஓடியது. புள்ளியில் பெயர் ஆரம்பிக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன ஃபைலைப் போட்டதும் சிவப்பு எழுத்து வந்துவிட்டது.

அதைத் திறந்து பார்த்து நான் தனியாகச் சிரித்தேன். நம் மெயின்லேண்ட் டிஸ்க் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ போர்ட் பிளேயரில் காலேஜ் படித்த காலத்தில் இங்கே நெட் எப்படி இருந்தது என்று ரேவதிக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவள் ஊர் ஹட் பேயில் இன்னும் மோசம். ஒரு பேக்கேஜை இறக்க ஆரம்பித்துவிட்டு உலை வைத்து, குழம்பு கூட்டி, சாப்பிட்டுக் கை கழுவி வந்தாலும் அது பாதியில் நின்று முழிக்கும். அதனால் யார் சென்னைக்குக் கிளம்பினாலும் அவர் கையில் அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திணித்துவிடுவோம். அங்கே யாராவது தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து பேக்கேஜ்களை நிரப்பி, கைலிக்குள் சுற்றி, கப்பலில் கொண்டுவருவார்கள். அதை வைத்துத்தான் நீ படித்தாய், என் ஸ்கூல் லேபும் ஓடியது. ஒரு பேக்கேஜ் புதிதாக வந்தால் அதன் சொந்தபந்தம் அத்தனையும் புதிதாக வேண்டுமென்று நிற்கும், நெட் தாங்காது என்று, டிஸ்க்கில் இருப்பதைவிடப் புதிய வெர்ஷனைக் கேட்கவே கூடாது என கம்ப்யூட்டருக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து உத்தரவு போட்டு வைத்தோம். அந்த உத்தரவுதான் அந்த ஃபைல். பழைய லேப்டாப்பில் எல்லாமே பழையதாக இருந்ததால் அது யாருக்கும் உறுத்தவில்லை. அப்புறம் கடலடியில் கேபிள் வந்தது, நெட் நன்றாக ஆனது, அதை இரண்டு பேரும் மறந்துபோனோம்.

நீ ஏன் அதையும் சேர்த்துக் காப்பி செய்தாய் என்பது எனக்குப் புரிந்தது. அம்மா லேப்டாப்பைத் திறந்தால் எல்லாம் பழைய இடத்திலேயே பழையபடி இருக்க வேண்டும், அவள் தடுமாறக் கூடாது என்று ஒன்று விடாமல் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறாய். இலங்கைத் தோட்டத்திலிருந்து தகரப் பெட்டியோடு கச்சால் தீவின் ரப்பர் காட்டுக்கு வந்து இறங்கிய குடும்பம் நம்முடையது. கப்பலில் வந்த பொருளைத் தூக்கிப் போட நம்மில் யாருக்கும் கை வராது. எனக்கும் வரவில்லை. ஃபைலை அழிக்காமல் வேறு பெயர் கொடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, நம் சொந்த யூசரில் பில்டை ஓட்டினேன். புதிய வெர்ஷன் வந்தது, மற்றதெல்லாம் அதனோடு ஒத்துப்போனது, திரை வெள்ளையாகத் திறந்துகொண்டது.

மைக் ஜன்னல் கட்டையில் நீ வைத்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு யாருமே இல்லாத அந்த அறையில் எழுத்து வர ஆரம்பித்தது. மீன்காரன் இந்தியில் கூவியதைத் தமிழென்று நினைத்து ஏதோ மந்திரம் மாதிரி எழுதியது. அப்புறம் "குடைய மடக்கு மழ விட்டுருச்சு" என்று வந்தது. யார் சொன்னார்களோ தெரியாது. எட்டிப் பார்த்தபோது சந்தில் ஆளில்லை, ஈரம்தான் மினுங்கியது. தெருவே கனவில் பேசுவது மாதிரி ஒவ்வொரு வரியாக வந்துகொண்டிருக்க, நான் கன்னத்தில் கை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து நாளாகிவிட்டது. நீ வந்ததும் ஆச்சரியப்படுத்தலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

நீ வந்தாய். உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய், காதில் போன். அம்மாவுக்கு என்ன கேட்கப் போகிறது என்று நினைத்திருப்பாய். மைக் உன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

திரையில் வந்தது. "நேத்தே கண்டுபிடிச்சுட்டேன் ரேவதி" என்று வந்தது. "இல்ல சரி பண்ணல" என்று வந்தது. "சரி பண்ணிட்டா கிளம்பணும்ல." எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து மைக்கை நிறுத்தியிருக்கலாம், மனசு வரவில்லை. அது எழுதிக்கொண்டே போனது. "நான் போயிட்டா அம்மா பேசுறதையே விட்டுருவாங்க. பேசினா பதில் வரும் அது கேக்காதுன்னு பேசவே மாட்டாங்க. கல்யாணத்துல பாத்தல்ல எல்லார்கிட்டயும் சும்மா சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க ஒரு வார்த்த பேசல." பிறகு, "வேலைய விட்டுட்டு இங்கயே ஏதாவது பாத்துக்கறேன். நீ அங்க இரு இல்ல ஹட் பேல உங்க வீட்டுக்கு வந்துரு. எனக்கு வேற வழி தெரியல" என்று வந்தது. அதற்கு ரேவதி என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு திரையில் எழுத்தே வரவில்லை. மைக் கெட்டுவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்தேன். உன் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்த வரிகளை அழித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, உள்ள வாடா, ஓடுது" என்று கூப்பிட்டேன். மழையில் நனைந்தவன் மாதிரி சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாய். மழை விட்டுப் போயிருந்தது. "எப்பம்மா" என்றாய், அது திரையில் வந்தது. "இப்பத்தான். அந்தப் பழைய டிஸ்க் ஃபைல்தாண்டா" என்றேன். "அரே, அதுவா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாய். உன் நடிப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. "டிக்கெட் போடு. நாளைக்கு கிடைச்சா நாளைக்கே. அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா" என்றேன். நீ என்னை ரொம்ப நேரம் பார்த்தாய். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நீ போயிருக்க மாட்டாய்.

இப்போது நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், வேலையில் இருக்கிறாய், ரேவதி பாத்திரங்களை அடுக்கிவிட்டாள். இனி சொல்லலாம். நீ அவளிடம் சொன்னது அத்தனையும் உண்மை. நான் பேசுவதை விட்டுத்தான் இருந்தேன். காது கேட்காததால் இல்லை. "என்ன சொன்னீங்க?" என்று இரண்டாம் முறை கேட்க வெட்கமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க வகுப்பில் நான் கேள்வி கேட்டுப் பிள்ளைகள் முழித்தார்கள். இப்போது எல்லோரும் கேட்டு நான் முழிக்க வேண்டியிருந்தது. அதனால் சிரித்துச் சமாளித்தேன். நீ அதைக் கவனித்தாய் என்பதே எனக்குத் தெரியாது. உன் அப்பா கூடக் கவனிக்கவில்லை.

நேற்று மருந்து வாங்கப் படகில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெங்காலி அம்மாள் ஏதோ சொன்னாள். வழக்கம்போலச் சிரிக்க வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். "காது சரியில்ல, ஃபிர் சே போலோ" என்றேன். அவள் மறுபடி சொன்னாள், புரியவில்லை. "ஃபிர் சே" என்றேன். அவள் சலித்துக்கொள்ளவே இல்லை. என் பையைத் தொட்டு, மேலே ஒழுகுகிற இடத்தைக் காட்டி, தள்ளி உட்காரச் சொல்கிறாள். இவ்வளவுதான் விஷயம். சாத்தம் வரைக்கும் பேசிக்கொண்டே போனோம். அவள் சொன்னதில் பாதி எனக்கு வரவில்லை, நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். கூச்சம் போகவில்லை. ஆனால் பேசினேன்.

அதனால் என் பேச்சுக்காக நீ அங்கே தூக்கம் கெட்டு உட்காராதே, வேலையை விடுகிற யோசனையை ரேவதியிடம் மறுபடி எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அவளையும் பேசச் சொல், மெதுவாகக்கூட வேண்டாம், உங்கள் வேகத்திலேயே பேசுங்கள். லேப்டாப் பெட்டி எழுதிக் கொடுக்கும், நான் படித்துக்கொள்வேன். ஆனால் அழுகை வந்தால் அன்றைக்குப் போல முதுகைக் காட்டி நிற்காதே தம்பி. அதை அந்தப் பெட்டிக்கு எழுதத் தெரியாது. முகத்தை இந்தப் பக்கம் திருப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாம்பூஃப்ளாட் ஊர், நம் வீட்டு ஜன்னலோரத்திலிருந்து,
அம்மா